மத்தியான மோகினி

மயிலாடும்பாறையில் இப்போது போனுக்குப் பேயோட்டுகிறார்கள். மனுசருக்கு ஓட்டிய காலம் போய்விட்டது. முன்னேற்றம்தான்.

ஓட்டுகிறவர் டவர் சாமி. பெற்றவர்கள் வைத்த பெயர் பொன்னுராஜ். போன வருஷம் வரை கம்பத்திலிருந்து கேரளா ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். ஜீப் நின்றது, தாடி வளர்ந்தது, ஞானம் வந்தது. வாசலில் தினமும் கூட்டம். தாம்பாளத்தில் வெற்றிலை, அதன்மேல் போன்.

"சாமி, நாப்பது சதவீதம் சார்ஜ் இருக்கையிலேயே அணைஞ்சு போகுது."

"நாப்பதுல சனி உக்காந்திருக்கான்."

"சட்டைப் பையில கெடக்கிற போனு தானா சம்மந்திக்கு அடிக்குது சாமி."

"சம்மந்தி உன்னைய நெனைக்கிறாக."

சம்பந்தியோடு பேச்சுவார்த்தையே இல்லாத அந்த மனுசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

ஆனாலும் சாமிக்குச் சோறு போட்டவள் மோகினிதான். ஊர் ஆண்களில் பாதிப்பேர் ஏலத்தோட்டத்திலேயே தங்கி வேலை பார்க்கிறார்கள். அங்கே டவர் எடுக்கும் என்று கேரளா சிம் போட்டிருக்கிறார்கள். பகலில் பெண்டாட்டி கூப்பிட்டால் ஒரு பெண் பேசுகிறாள். தேன் குரல். மலையாளத்தில் ஒரு வாக்கியம், பிறகு இங்கிலீஷில் ஒரு வாக்கியம். படித்த பேய்.

"மலையாள மோகினி. உம் புருசன் மடியில உக்காந்து பேசுறா" என்றார் சாமி. பொழுது சாய்ந்ததும் பூஜை போட்டு, போனுக்குக் கறுப்புக் கயிறு கட்டுவார். அப்புறம் கூப்பிட்டால் புருசனே எடுப்பான். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

இருளம்மாளும் கயிறு கட்டினாள். மறுநாள் மத்தியானமே மோகினி மறுபடி பேசினாள். பொழுது சாயும் நேரம் சாமி வாசலுக்கு ஓடினாள்.

"கயித்துக்கு அடங்கமாட்டேங்கிறா" என்றார் சாமி. "தாலியக் கழட்டிக் கலசத்துல போடு. இல்லேன்னா உம் புருசன் சுருளிவேலு திரும்பி வரமாட்டான்."

அவளிடம் இருந்த பொன் அது ஒன்றுதான். கை கழுத்துக்குப் போனது. போன கையைப் பக்கத்துவீட்டு மெர்லின் பிடித்துக்கொண்டாள். அவள் புருசன் ரெக்ஸும் அதே தோட்டத்தில்தான். போன சீசனில் அவளும் அங்கே போய் ஏலக்காய் எடுத்தவள்.

"நில்லுக்கா. பூஜைக்கு முன்னாடி ஒரு தடவ போட்டுப் பாரு."

"மந்திரம் சொல்லாமப் போட்டா ரத்தம் கக்கிச் சாவா!" என்றார் சாமி.

"அப்ப நான் போடுறேன். நானே கக்கிக்கிறேன்."

போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது.

"ஏ இருளு, சாப்ட்டியா?" சுருளிவேலின் குரல். "இப்பத்தான் வேலை முடிஞ்சு மலையவிட்டு எறங்கித் தங்குற எடத்துக்கு வர்றேன்."

மெர்லின் ரத்தம் கக்கவில்லை. கூட்டத்தில் சிலருக்கு அது ஏமாற்றம்.

"அண்ணே, மத்தியானம் உங்க மடியில யாரு?"

"மடியிலயா? இடுப்புல ஏலக்காக் கூடைதான் இருந்துச்சு. ஏன் தாயி?"

"போனு எடுக்கலையே?"

"மலைமேல எங்கிட்டு சிக்னலு? எறங்குனாத்தான் எடுக்கும். பேசுறது கம்பெனிக்காரன் பதிஞ்சு வச்ச பொம்பளைக் குரலு. ஆளு எட்டாத தூரத்துல இருக்காருன்னு சொல்லும்."

சாமி அசரவில்லை. "நான் பக்கத்துல நிக்கிறேன்ல, அந்தப் பயத்துல மோகினி வழி விட்டுட்டா."

"சரி. நாளைக்கு மத்தியானமும் பக்கத்துல இருங்க."

மறுநாள் உச்சி வெயிலில் கயிறு கட்டிய போன்கள் எல்லாம் வரிசையில் இருந்தன. கயிறு கட்டாத மெர்லின் போனும் கடைசியில் இருந்தது. நடுவில் சாமி. வரவில்லை என்றவரை நாலு பெண்கள் மரியாதையாகக் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார்கள். எல்லாரும் கூப்பிட்டார்கள். எல்லாப் போனிலும் அதே குரல், அதே வாக்கியம். ஒரே மோகினி, ஒரே நேரத்தில், அத்தனை மடியிலும்.

யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. சாமியின் கன்னத்தை மட்டும் சிலர் பார்த்தார்கள்.

இருளம்மாள் தாலியைச் சேலைக்குள் போட்டுக்கொண்டு கேட்டாள்: "ஏய்யா, ஜீப்பு ஓட்டுன ஆளு நீரு. மலைமேல சிக்னல் இல்லேன்னு உமக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"பெறகு ஏன்யா சொல்லல?"

"நீங்க யாரும் அதக் கேக்கலையே ஆத்தா. பேயான்னுதான் கேட்டீக."

சாமியாரான பிறகு பொன்னுராஜ் சொன்ன ஒரே உண்மை அதுதான். பேயா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல எல்லா ஊரிலும் ஆள் இருக்கிறான். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்.