செய்து காட்டிய செயல்விளக்கம்

அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற வேலையில் ஒரே ஒரு தொல்லைதான். சொன்னதை நாமும் செய்ய வேண்டும். இது என் மண்டையில் ஏற, பிச்சாட்டூரில் ஒரு புகையிலைத் தோட்டம் தேவைப்பட்டது.

அப்போது திருப்பதிப் பல்கலைக்கழகம் ஒன்றின் புகையிலை ஆராய்ச்சித் திட்டத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. ஆராய்ச்சியில் கண்டதை விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த மாதத்துச் செய்தி: பனி ஈரத்தோடு இருக்கும் புகையிலையை வெறுங்கையால் தொடாதீர்கள், இலையின் நஞ்சு தோல் வழியே உடம்பில் இறங்கும், கையுறை போடுங்கள். இதை நான் விளக்குவதைப் பார்க்கப் பேராசிரியரே வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் ஒப்பந்தம் நீளும். பிடிக்காவிட்டால் திருச்சானூர் வீட்டில் என்னைப் பெற்ற நைனா முகத்தில் முழித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அவர் வரப் பதினொரு மணியாகும். நான் விடியும்போதே போய் நின்றேன். (நின்றேன் என்பது பொய். வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.) ஒத்திகைக்குக் கையுறையை மாட்டியதும் தோட்டத்துக்காரர் முனிரத்தினம் கேட்டார்.

"இன்னா சார், ஆபரேசன் பண்ணப் போறீங்களா?"

களையெடுக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கையுறையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். சும்மா இருக்கவும் முடியவில்லை. பேராசிரியர் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று செடிகளின் பூ நுனியைக் கிள்ள ஆரம்பித்தேன், வெறுங்கையோடு, பனியில் சட்டை நனைய நனைய. பரவாயில்லை, கை நல்லா ஓடுது என்றார் முனிரத்தினம். அந்தப் பாராட்டுக்காக இன்னும் இரண்டு வரிசை கிள்ளினேன்.

கார் வந்தபோது தலை லேசாகக் கிறுகிறுத்தது. பயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஊரே கூடி நிற்க, கையுறையை எடுத்துத் தூக்கிக் காட்டி ஆரம்பித்தேன்.

"ஈர இலையைத் தொட்டால் முதலில் தலை சுற்றும்."

சுற்றியது.

"அடுத்து வாந்தி..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. மீதியைப் பேராசிரியரின் ஷூ மீது செய்தே காட்டினேன்.

முனிரத்தினம்தான் என்னைத் தூக்கிக் காரில் போட்டார். புத்தூர் ஆஸ்பத்திரியில் சலைன் ஏறும்போது எனக்கு உயிரைப் பற்றிக் கவலையில்லை, ஒப்பந்தம் போயிற்றே என்றுதான் அழுகை வந்தது. சாயங்காலம் பேராசிரியர் புதுச் செருப்போடு வந்தார். வெறுங்கையால் கிள்ளியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"எத்தினியோ வருசமா சொல்லிகினு கீறேன் பாபு, ஒருத்தரும் கேக்கல. இன்னிக்கி அந்த ஊர்ல எல்லாரும் கையுறை குடுன்னு புடிச்சிகினாங்க," என்றவர், கதவு வரை போய்த் திரும்பினார். "அடுத்த வாரம் சத்தியவேடு போ. அங்க பேசினா மட்டும் போதும்."

ஒப்பந்தம் நீண்டது. பெயரும் நிலைத்தது. பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் சித்தப்பா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "இவுரு நம்ம வாந்தி சாராச்சே," என்றார். பெண் சிரித்த சிரிப்பில் கல்யாணமே முடிவாகிவிட்டது.

இன்றைக்கும் வீட்டில் நான் யாருக்காவது புத்தி சொல்ல வாயைத் திறந்தால், என் மனைவி எழுந்துபோய் ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைக்கிறாள்.