டம்ளரில் சிரித்த பற்களும் கொதித்த ஸ்பூனும்

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய மாமாவுக்கு,

ஊரே தூங்கிய பிறகு எழுத உட்கார்ந்திருப்பதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். உங்கள் பேத்தி, நம் மேனேஜர், இப்போதுதான் கண்ணை மூடினாள். மூடிய கண்ணைத் திறப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்பதால் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் அதையும் சேர்த்து மன்னித்துவிடுங்கள். இங்கே நாங்கள் எல்லோரும், என் ஈறு நீங்கலாக, நலம். அங்கே உங்கள் முழங்கால், பெரியத்தான், அக்கா, அவர்கள் வீட்டுக் குழாய் எல்லாம் நலமா?

குழாயைப் பற்றிக் கேட்கக் காரணம் இருக்கிறது. "பெரியவன் வீட்ல குழாய் ஒழுகுதாம், போய்ப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லித்தானே பெட்டியோடு கிளம்பினீர்கள். அக்காவிடம் போனில் கேட்டேன். "எந்தக் குழாய்டி? இங்க ஒண்ணும் ஒழுகலையே. மாமாதான் தினமும் ஒவ்வொண்ணா திறந்து திறந்து பாக்குறார், பாவம்" என்றாள். உங்களிடமே போனில் பேசியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஒரு "ம்", அப்புறம் இன்னொரு "ம்", "வச்சிடட்டுமாம்மா" என்று முடித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

நடந்தது உங்களுக்குத் தெரியும், ஆனால் என் பக்கம் நடந்தது தெரியாது. அந்த ஸ்பூன் ரகளைக்கு முந்தைய நாள் ராத்திரி பல் தேய்க்கும்போது வாஷ்பேசினில் ரத்தம். பிள்ளை பெற்றதிலிருந்தே அப்படித்தான், ஆனால் அன்று கொஞ்சம் கூடுதல். நான் பேசாமல் வாயைக் கொப்பளித்துவிட்டுப் படுத்திருக்கலாம். படித்த பெண் ஆயிற்றே, போனில் தேடினேன். ஈறு நோய் என்றது, ஈறிலிருந்து எலும்பு என்றது, எலும்பிலிருந்து இதயம் வரைக்கும் போய்விட்டு, கடைசியில் கிருமி எச்சில் வழியாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றலாம் என்று ஒரு வரி போட்டிருந்தது. மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மறுநாள் எழுந்து வருகிறேன், அடுப்படியில் நீங்கள் மசித்த கேரட்டை ஸ்பூனில் எடுத்துக் கீழுதட்டில் தொட்டு, பாய்லர் முன்னால் நிற்பதுபோல் மேலே பார்த்து ஒரு கணம் யோசித்து, "ஸ்டீம் ரெடி, லைனுக்கு விடலாம்" என்று சொல்லி அவள் வாய்க்குக் கொண்டுபோகிறீர்கள். தினமும் நடப்பதுதான். நானே எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் "ஐயோ மாமா, எச்சில்!" என்று கத்தி, ஸ்பூனைப் பிடுங்கி, உங்கள் கண் முன்னாலேயே கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. "எவ்வளவு நேரம்மா கொதிக்கணும்?" என்று கேட்டீர்கள். வாழ்நாளெல்லாம் பாய்லர் ஓட்டியவர், தண்ணீர் கொதிப்பது பற்றி என்னிடம் கேட்கிறாரே என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. "பத்து நிமிஷம் மாமா" என்று பதில் சொன்னேன்.

நீங்கள் போன பிறகு வீட்டில் என் ராஜ்யம்தான். எல்லாவற்றையும் கொதிக்க வைத்தேன். பிளாஸ்டிக் ஸ்பூன் சுருண்டு காது மாதிரி ஆகிவிட்டது. கிலுகிலுப்பை இப்போது ஆட்டினாலும் சத்தம் போடுவதில்லை. குழந்தைக்கு யாரும் முத்தம் கொடுக்கக் கூடாது என்றேன். உங்கள் மகன் கெஞ்சிக் கூத்தாடியதால், போனால் போகிறதென்று உள்ளங்காலில் மட்டும் அனுமதி கொடுத்தேன். அவர் ஆசையாக ஒன்று வைத்தார். மேனேஜர் உடனே அந்தக் காலைத் தூக்கித் தன் வாயில் வைத்துக்கொண்டாள். நான் காலைப் பிடித்து இழுக்க, அவள் அலற, "அதையும் பத்து நிமிஷம் கொதிக்க வச்சிடுவியா?" என்று உங்கள் மகன் கேட்க, அன்று ராத்திரி இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தோம்.

உங்கள் உதட்டுக்குப் பதிலாக உணவில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். சூடு மிகச் சரியாக இருக்கிறது. வாய்தான் திறக்க மாட்டேன் என்கிறாள். பயப்படாதீர்கள், பால் குடிக்கிறாள், எடை குறையவில்லை. ஸ்பூனைக் கண்டால் மட்டும் உதட்டைப் பூட்டிக்கொண்டு, என்னைத் தாண்டி அடுப்படி வாசலைப் பார்க்கிறாள். யாரோ வந்து உத்தரவு கொடுக்க வேண்டும் போல. நானே குரலைத் தடிப்பாக்கி "ஸ்டீம் ரெடி" என்று சொல்லிப் பார்த்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடியும் வாசலைப் பார்த்தாள்.

இந்த நிலையில்தான் பல் டாக்டரிடம் போனேன். கெட்டிக்கார அம்மா, ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். நாற்காலியில் சாயும் முன்பே எல்லாவற்றையும் கொட்டினேன். "எனக்கு வந்தா பரவால்ல டாக்டர், குழந்தைக்கு வந்துடக் கூடாது. என் மாமனார்கிட்டருந்துதான் வந்திருக்கும்னு நினைக்கிறேன்."

"அவருக்கு எத்தனை பல் ஆடுது?"

"ஒண்ணும் ஆடலை."

"மொத்தம் எத்தனை பல் இருக்கு?"

"பல்லே இல்ல டாக்டர். செட்டுதான் போட்டிருக்கார்."

டாக்டரம்மா கையிலிருந்த கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டார். "ஏம்மா, அந்தக் கிருமி முக்கியமா குடியிருக்கிறதே பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கிற இடுக்குல. அவருக்கு வீட்டையே இடிச்சாச்சு. எங்கம்மா குடியிருக்கும்? நீங்க முதல்ல வாயைத் திறங்க."

திறந்தேன் மாமா. என் வாயில் அது அடுக்குமாடி கட்டிக் குடியிருக்கிறதாம்.

இதில் நான் வெட்கப்பட வேண்டியது வேறொன்று. தினமும் காலையில் வாஷ்பேசின் மேல், டம்ளரில் உங்கள் பற்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருக்கும். அதற்குப் பக்கத்தில் நின்றுதான் நான் ரத்தத்தைத் துப்பினேன். அதற்குப் பக்கத்தில் நின்றுதான் உங்களைச் சந்தேகப்பட்டேன்.

டாக்டரம்மா என் வாய்க்குள் ஏதோ கம்பியை விட்டு அளந்துகொண்டே சொன்னதை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். நம் ரத்தத்தில் காவல் செல்கள் இருக்கின்றனவாம். கிருமி வந்தால் அவை இரண்டு வேலை செய்ய வேண்டும்: கத்தி ஆள் கூட்ட வேண்டும், கிருமியைப் பிடித்து விழுங்க வேண்டும். "இந்தக் கிருமி இருக்கே, எண்ணிக்கையில கொஞ்சம்தான். ஆனா பலே ஆளு. விழுங்குற வேலையை நிறுத்திடும், கத்துற வேலையை மட்டும் நடக்க விட்டுடும்."

அவர் கம்பியை எடுத்த இடைவெளியில் கேட்டேன். "கத்தினா அதுக்குத்தானே டாக்டர் ஆபத்து?"

"அதான் இல்ல. கத்தினா வீங்கும். வீங்கினா சதை கரையும், ரத்தம் கசியும். அதுதான் அதுக்குச் சாப்பாடு. கூட இருக்கிற சாதுவான கிருமிக்கெல்லாம்கூட விருந்து. உங்க ஈறும் எலும்பும் கரைஞ்சதுல கிருமி பண்ணின சேதம் கொஞ்சம், உங்க காவல்காரங்க பண்ணின சேதம்தான் அதிகம்."

மறுபடியும் வாய்க்குள் கம்பி வந்துவிட்டது. உங்கள் ஆலைக் கணக்கில் சொன்னால், அபாயச் சங்கு விடாமல் ஊதுகிறது, ஓடி வந்தவர்கள் நெருப்பை விட்டுவிட்டுச் சுவரை இடிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து உங்கள் மகனிடம் இதை அப்படியே சொன்னேன். சட்டையை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார்: "சங்கு ஊதினது யாரு, சுவர் எதுன்னு நான் சொல்லணுமா?" வேண்டாம் என்றேன்.

இப்போது ஈறுக்கு அடியில் சுத்தம் செய்கிறார்கள். பல்லிடுக்கில் நூல் விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், செய்கிறேன். ரத்தம் குறைந்திருக்கிறது. குழந்தையைப் பற்றிக் கேட்டதற்கு, "ஒரே ஸ்பூனை ரெண்டு பேர் வாயில வைக்காம இருக்கிறது நல்ல பழக்கம்தான், அதுக்காக ஆளை ஊரை விட்டு அனுப்பணும்னு எந்தப் புத்தகத்துலயும் போடலை" என்றார். ஆகவே இரண்டு ஸ்பூன் வாங்கி வைத்திருக்கிறேன். பெரியது உங்களுடையது. அதில் உதட்டில் தொட்டுப் பாருங்கள், மேலே பாருங்கள், உத்தரவு கொடுங்கள். சின்னதில் ஊட்டுங்கள். தெர்மாமீட்டரை மேனேஜரிடமே விளையாடக் கொடுத்துவிட்டேன். உங்கள் டம்ளர் வாஷ்பேசின் மேல் அப்படியே காலியாக இருக்கிறது. உங்கள் மகன் அதில் சீப்பைப் போடப் பார்த்தார், விடவில்லை.

நான் இப்போது மிகவும் நிதானமாகிவிட்டேன் மாமா. முன்போல் எதற்கெடுத்தாலும் பதறுவதில்லை, கிருமி கிருமி என்று அலைவதில்லை. எந்தத் தயக்கமும் இல்லாமல் கிளம்பி வாருங்கள். பெரியத்தானுக்கும் அக்காவுக்கும் என் அன்பு. உங்கள் ஆசியைத் தலைகுனிந்து கேட்டுக்கொள்ளும்,

உங்கள் சின்ன மருமகள்

பின்குறிப்பு (உறையின் முதுகில் எழுதுகிறேன்): பசை காய்ந்து கிடந்தது. யோசிக்காமல் உறையை நாக்கால் தடவி ஒட்டிவிட்டேன். அடுக்குமாடி இன்னும் முழுதாகக் காலியாகவில்லை என்பது ஒட்டிய பிறகுதான் உறைத்தது. தயவுசெய்து ஓரத்தைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு பிரியுங்கள். கொதிக்க வைக்க வேண்டாம், எழுத்து அழிந்துவிடும். நீங்கள் வரும் நாளைச் சொல்லி எழுதும் உறையை மட்டும் எச்சில் தொட்டே ஒட்டுங்கள். அதில் எனக்கு இப்போது முழு நம்பிக்கை. சீக்கிரம் பதில் போடுங்கள், மாமா.