பெரிய சைஸ் வளையல்

கணவரின் பையில் புது வளையல் இருந்தால் மனைவிக்கு முதலில் சந்தோஷம்தான் வரும். உஷாராணிக்கும் வந்தது, கையில் போட்டுப் பார்க்கும் வரை. வளையல் முழங்கையைத் தாண்டிப் போயிற்று.

"எனக்கு வாங்கினது இல்லை. எவளோ ஒரு தடிச்சிக்கு!"

நேராகக் கேட்டுவிடலாம். கேட்கத்தான் பயம். சுங்கை வேயில் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு, தம்புசாமி எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மன அழுத்தம் என்று ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். பள்ளி வேன் ஓட்டும் உஷாராணி, பிள்ளைகளை மேய்க்கும் விசிலைத் தினமும் அவர் காதருகே ஊதி எழுப்பி, குளிக்க விரட்டி, சாப்பிட வைத்தாள். இப்போது இரண்டு மாதமாக மனிதர் தானாக எழுகிறார், பாட்டுப் பாடுகிறார். சனிக்கிழமையானால் சவரம் செய்துகொண்டு, "பிரெண்ட்ஸைப் பார்க்கப் போறேன்" என்று பூச்சோங் கிளம்புகிறார். ஏதாவது கேட்டு, மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டால்?

திங்கட்கிழமை விசிலைக் காணோம். வேனில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. செவ்வாய்க்கிழமை அவளுடைய ஆரஞ்சு பஞ்சாபி சூட்டையும் காணோம். புதன்கிழமை அவர் கால்சட்டைப் பையில் பிரிக்பீல்ட்ஸ் தையல்கடைச் சீட்டு கிடைத்தது. அவள் நேரே அங்கே போய் நின்றாள்.

"உங்க சூட்டைத்தான்க்கா அண்ணே மாடலுக்குக் கொண்டாந்தாரு," என்றாள் தையல்கார மாதவி. "அதே ஆரஞ்சு, அதே கழுத்து. ஆனா மார்பு நாப்பத்தாறு."

"நாப்பத்தாறா!"

"தோளும் நல்ல அகலம். யாருக்குன்னு கேட்டேன், சர்ப்ரைஸ்னாரு. கையைத் தூக்கி ஆட்டணும், லூசா தைன்னாரு."

ஆட்டணுமாமே! உஷாராணிக்கு ரத்தம் கொதித்தது. மனசு தாங்காமல் செந்தூல் பிளாட்டில் மேல்வீட்டுப் புஷ்பவல்லியிடம், "யாருகிட்டயும் சொல்லிடாதே" என்று சொல்லி அழுதாள். சாயங்காலமே கிள்ளானிலிருந்து கொழுந்தன் ரெங்கசாமி போன் செய்தான்.

"அண்ணி, ஆளு என்ன மல்யுத்தம் பண்றவளா?"

சனிக்கிழமை அவரை வீட்டில் நிறுத்த ஒரே வழி நண்டு.

"ஏங்க, நண்டு வச்சிருக்கேன். இன்னைக்கு வீட்டுலயே இருங்களேன்."

"நண்டா! ரெண்டு பேருக்குக் கட்டிக் குடு உஷா, எடுத்துட்டுப் போறேன்."

கட்டிக் கொடுத்தாள். கட்டும்போது ஒரு பிடி மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டினாள். தின்னட்டும் அவள்! அவர் கிளம்பிய கையோடு வேனை எடுத்தாள். "துணைக்கு வரேன் லா" என்று புஷ்பவல்லி கூப்பிடாமலே ஏறிக்கொண்டாள்.

பூச்சோங்கில் அவர் நுழைந்த மண்டபத்துக்குள் றெக்கையோடு ஒருவன் நின்றான். வாலோடு இருவர் தேநீர் குடித்தார்கள். தலையில் கொம்பு வைத்த நீலமுடிப் பெண் ஒருத்தி, கண்ணில் நீர் வழிய, உஷாராணியின் நண்டைத் தின்றுகொண்டிருந்தாள்.

"நீதானா அவ?"

ஆனால் அந்தப் பெண்ணின் மணிக்கட்டு முருங்கைக்காய் பருமன்கூட இல்லை. இவள் இல்லை.

"நான் யாழினி, ஆன்டி. தம்பு அங்கிளைப் பார்க்க வந்தீங்களா? உள்ள டிரஸ் மாத்துறாரு. அவரு கொண்டாந்த நண்டு, காரம் உயிர் போகுது, நிறுத்தவும் முடியலை."

"இங்க என்னம்மா நடக்குது?"

"காஸ்பிளே ஆன்டி. கதையில நமக்குப் பிடிச்ச ஆளு மாதிரி வேஷம் போடுறது. நான் ஒரு வருஷம் ரூமை விட்டே வெளிய வரலை. ஆஸ்பத்திரி கவுன்சலர்தான் இங்க அனுப்பினாங்க. இந்தக் கொம்பை மாட்டினா நாலு பேர்கிட்ட பேச வருது. அங்கிளையும் அவங்கதான் அனுப்பினாங்க. மூலையில உக்காந்து எங்களுக்கெல்லாம் றெக்கை ஒட்டிக்கிட்டே இருந்தாரு. இன்னைக்குத்தான் மேடை ஏறப் போறாரு. 'என்னைக் காப்பாத்தின ஹீரோ'ன்னு தலைப்பு."

சே, நல்ல மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று உஷாராணி நினைத்த நேரத்தில், புஷ்பவல்லி அவள் இடுப்பைக் கிள்ளினாள்.

"அங்க பாரு!"

மேடைப் படியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி நின்றாள். ஆரஞ்சு பஞ்சாபி சூட். கதவு அகலத்துக்குத் தோள். நீளப் பின்னல். கையில் அந்த வளையல், கழுத்தில் உஷாராணியின் விசில்.

"எட்டு மாசம் எழுப்பி உக்கார வச்சது நான். காப்பாத்தின ஹீரோ இவளா?"

அழுகையும் ஆத்திரமுமாக ஓடிப்போய்ப் பின்னலைப் பிடித்து இழுத்தாள். பின்னல் கையோடு வந்துவிட்டது.

மேடையில் அறிவிப்பாளர் கிஷன் மைக்கைப் பிடித்தான்.

"அடுத்து நம்ம தம்பு அங்கிள்! அவரு போட்டிருக்கிற வேஷம், பள்ளி வேன் ஓட்டுற உஷாராணி!"