ஆறாவது முடிச்சு

காவாந்தண்டலம்,
21-1-1980, திங்கள் ராத்திரி

அன்பும் மரியாதையும் உள்ள இந்திராணி அத்தை அவர்களுக்கு, உங்கள் அண்ணன் மகள் பவளம், எட்டாம் வகுப்பு ஆ பிரிவு, நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது. கடிதம் என்றால் இவ்விடம் அனைவரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும் என்று தமிழ் ஐயா சொல்லியிருக்கிறார். அதனால் ஒவ்வொருவராகப் பார்த்து எழுதுகிறேன். நைனா சுகம். அம்மா ரொம்ப சுகம். எருமை சுகம். நான் சுகமில்லை. வாலாஜாபாத்தில் மாமாவும் ரைஸ் மில்லும் சுகம்தானே. இதை நெல் குதிருக்குப் பின்னால் குந்திக்கொண்டு சிம்னி விளக்கில் எழுதுகிறேன். நைனா இருமினால் விளக்கை ஊதிவிட்டு, குறட்டை கேட்டதும் மறுபடி ஏற்றுகிறேன். இதுவரை மூன்று முறை ஆகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் அது பயத்தால், சோம்பலால் இல்லை.

விஷயம் என்னவென்றால், பிப்ரவரி மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்னைத் திருப்பதிக்குக் கொண்டுபோய் மொட்டை அடிக்கப் போகிறார்கள். எனக்குப் பேதி, காய்ச்சல் எதுவும் இல்லை, பேனும் இல்லை. எல்லாம் உங்கள் அம்மா, என் ஆயாவின் பேரைச் சொல்லித்தான். நீங்கள் ஒரு கார்டு எழுதினால் நின்றுவிடும். ஏன் என்று முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆயாவின் மஞ்சள் முடிச்சு உங்களுக்குத் தெரியாததில்லை. யாருக்கு என்ன ஆனாலும் ஆயா மஞ்சள் துணியில் ஒரு காசை வைத்து முடிந்து, ஏதோ ஒரு சாமியிடம் வேண்டிக்கொண்டு, சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிற பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடும். எருமை கன்று போட ஒன்று, உங்களுக்குக் கல்யாணம் கூடிவர ஒன்று, மாமாவுக்கு மில்லில் வேலை நிலைக்க ஒன்று. வேண்டினது நடந்ததும், கோயிலுக்குப் போகலாம் வா என்று தாத்தாவைக் கூப்பிட்டால், அறுப்பு முடியட்டும் என்பாராம். அறுப்பு முடிந்தால் நடவு வந்துவிடும். கடைசியில் தாத்தா தனியாகவே போய்ச் சேர்ந்துவிட்டார், ஆயாவை ஒருநாள்கூட பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அதனால்தான் போன மாசியில், சாகிறதுக்கு முந்தின நாள், ஆயா நைனாவைக் கூப்பிட்டு, "டப்பால முடிச்சுங்க கீது. வருசம் திரும்பறதுக்குள்ள எல்லாத்தையும் செலுத்திடு. தனியா போவாத. கனகாவக் கூட்டிக்கினு ஜோடியா போ. உங்கப்பன் மாரி அறுப்பு, நடவுன்னு சொல்லிக்கினு இருக்காத" என்றது. எந்த முடிச்சு எந்தச் சாமிக்கு என்று மட்டும் சொல்லவில்லை. நைனா அழுதுகொண்டிருந்தாரா, அவரும் கேட்கவில்லை.

ஆயா சாமியிடம் பேசுவது சந்தையில் மாடு பிடிக்கிற மாதிரி இருக்கும், ஆனால் பேசினால் பேசினதுதான். மழையே இல்லாத ஒரு வருஷம், ஏரி ரொம்பணும் என்று பிடாரிக்கு முடிந்து வைத்தது. ஏரி ரொம்பி, கரை உடைந்து, நம் நெல்லெல்லாம் போயிற்று. மறுநாளே ஆயா பொங்கல் வைக்கக் கிளம்பியது. "இதுக்கு எதுக்கு ஆயா பொங்கல்?" என்று கேட்டேன். "ரொம்பணும்னு கேட்டேன், ரொம்புச்சி. நிக்கணும்னு கேட்டனா? கேக்கத் தெரியாதது என் தப்பு. அதுக்குன்னு சாமிய ஏமாத்த முடியுமா? தலைய ஆட்டாம குந்து" என்று சொல்லிக்கொண்டே எனக்கு ஜடை பின்னிவிட்டது. அப்படிப்பட்ட ஆயா விட்டுப்போன முடிச்சுகளை இவர்கள் செலுத்துகிற லட்சணத்தைக் கேளுங்கள்.

நைனாவும் ஒன்பது மாசம் அறுப்பு, நடவு என்றுதான் ஓட்டினார். கார்த்திகை பிறந்ததும்தான் பயம் வந்து டப்பாவைத் திறந்தார். ஆறு முடிச்சு இருந்தது. உத்திரமேரூர் கோயில் சுவரில் அந்தக் காலத்துத் தேர்தலைப் பற்றி எழுதியிருக்கிறது, ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள் என்று நான்தான் அந்த நேரம் பார்த்துப் பாடத்தைச் சத்தமாகப் படித்துத் தொலைத்தேன். நைனா அதைப் பிடித்துக்கொண்டார். தெரிந்த சாமி பேரையெல்லாம் சீட்டில் எழுதி, பித்தளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, என்னை எடுக்கச் சொன்னார். முதல் முடிச்சுக்குத் திருத்தணி வந்தது.

திருத்தணிக்கு ஜோடியாகக் கிளம்பினார்கள். ஜோடி என்றால், நைனா பத்தடி முன்னால், அம்மா பின்னால் கூடையோடு. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் நைனா திரும்பிப் பார்க்காமல் போய் அரக்கோணம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் தீர்ந்தது. புருஷன் பேரை அம்மா எப்படிச் சொல்லுவாள். "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டாளாம், அங்கே இருந்த ஆம்பிளைகளில் பாதிப் பேர் திரும்பினார்களாம், நைனா மட்டும் திரும்பவில்லை. மைக் வைத்திருந்த டைம் கீப்பரிடம் ஓடினாள்.

"பேரு இன்னாம்மா?"

"அத்த நான் சொல்லக் கூடாதுங்க."

"அப்ப நான் மட்டும் எப்டிமா சொல்றது?"

"பெருமாள் பேருதாங்க. வெண்ண திருடனதுக்கு அவங்கம்மா இடுப்புல கயிறு போட்டுக் கட்டுனாங்களே, அந்தப் பேரு."

அந்த மனுஷருக்குத் தாமோதரன் என்று தோன்றவில்லை. கூட்டம் வேறே நெருக்கியதா, சொன்னதை அப்படியே மைக்கில் சொல்லிவிட்டார். "காவாந்தண்டலத்திலிருந்து வந்த, வெண்ணெய் திருடிக் கட்டிப் போடப்பட்டவர், எங்கிருந்தாலும் டைம் கீப்பர் ஆபீசுக்கு வரவும்." நம்ம ஊர்த் திருடன் எவன் மாட்டினான் என்று பார்க்க நைனா முதல் ஆளாக இறங்கி ஓடி வந்தாராம்.

அன்றைக்குப் பிடித்தது, அத்தை, வினை. தொலைத்துவிடுவோம் என்ற பயத்தில் நைனா முன்னால் நடப்பதை விட்டுவிட்டார். திருப்போரூர் போகும்போது பக்கத்தில் நடந்தார். மேல்மலையனூர் போகும்போது இரண்டு பேர் சீட்டில் ஒன்றாகவே உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்கிறாள், "உங்கம்மாளும் நைனாவும் ஒரே சீட்ல குந்திக்கினு பட்டாணி துன்னுக்கினு போறாங்கடி, புதுசா கண்ணாலம் ஆனவங்க மாரி." எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அம்மா கை நிறைய கண்ணாடி வளையலோடு வருகிறாள், ஓட்டல் ரவா தோசை எப்படி ஓட்டை ஓட்டையாக இருந்தது என்று கதை சொல்கிறாள். நான் இங்கே எருமைக்குத் தண்ணி காட்டி, கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு, துணைக்குப் படுத்த சிட்டம்மாளின் குறட்டையில் விடிய விடிய முழித்துக்கொண்டிருக்கிறேன். என்னையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள் என்றால், "நாங்க இன்னா ஊர் சுத்தவா போறோம்? ஆயா ஜோடியாதான் போவச் சொல்லிச்சி" என்கிறார் நைனா. ஐந்து முடிச்சு இப்படியே போயிற்று. நானும் பொறுத்துக்கொண்டேன்.

நேற்று சாயங்காலம் ஆறாவது முடிச்சை அம்மா அவிழ்த்தாள். "இன்னா இது, காசோட ஒரு முடி கீது" என்றாள். நைனா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆயாவுது இல்ல. ஆயாவுக்கு ஏது இவ்ளோ கருப்பு?"

"இவ்ளோ நீளமா இந்த வூட்ல யாருக்கு கீது?" என்று சொல்லிவிட்டு அம்மா என் பக்கம் திரும்பினாள். நைனாவும் திரும்பினார். எருமைகூடத் திரும்பின மாதிரி இருந்தது.

"பவளத்துக்கு மொட்ட போடறதா ஆயா வேண்டிக்கினு கீது. முடின்னா திருப்பதிதான். இதுக்கு சீட்டே வேணாம்" என்றார் நைனா.

மற்ற ஐந்து முடிச்சுக்கும் குடம் வைத்தவர், என் தலைக்கு மட்டும் குடம் வைக்கவில்லை. இது என்ன நியாயம். "ஆண்டு விழா கீது நைனா, கோலாட்டத்துல நான் முன்வரிச" என்றேன். "மொட்டத் தலைக்குக் கோல் புடிக்க வராதா?" என்றார். சந்தனம் பூசினால் அழகாகத்தான் இருக்கும் என்று அம்மா சொன்னாள். அவள் தலையாக இருந்தால் தெரியும்.

அத்தை, ஆயா இன்னொருத்தர் தலையை வைத்து வேண்டிக்கொள்கிற ஆள் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் வைத்து, சீயக்காய் கண்ணில் படாமல் உள்ளங்கையால் மறைத்துத் தேய்த்து இடுப்புக்குக் கீழே வளர்த்த முடி இது. ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கும்போதுகூட "பவளத்துக்கு யாரு தல வாரி வுடறாங்க?" என்று கேட்டதாக நீங்கள்தானே வந்து சொன்னீர்கள். ஆகவே, "ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவள் நான், பவளத்தின் முடியைத் தருவதாக அம்மா வேண்டிக்கொள்ளவே இல்லை" என்று நைனாவுக்கு உடனே ஒரு கார்டு போடவும். இது சத்தியமான உண்மை. உங்களைப் பொய் எழுதச் சொல்லவில்லை. நான் சொல்லி எழுதினீர்கள் என்று மட்டும் தெரிந்தால் மொட்டையோடு முதுகும் போய்விடும். இதை என்னோடு படிக்கிற மேரி நாளைக்குத் தபால் பெட்டியில் போடுவாள். எனக்குப் பதில் போட வேண்டாம், நைனா பிரித்துவிடுவார்.

மாமாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும். உங்கள் வீட்டில் எல்லாரும் நோய் இல்லாமல், முடி கொட்டாமல் நெடுநாள் இருக்க வேண்டும் என்று, இப்போதெல்லாம் வேண்டிக்கொள்ளவே பயமாக இருப்பதால், வெறுமனே ஆசைப்படும்

அண்ணன் மகள்
தா. பவளம்

பின்குறிப்பு: விளக்கை நாலாவது முறை ஏற்றியிருக்கிறேன், எண்ணெய் அடியில்தான் இருக்கிறது. ஆயா வேண்டிக்கொள்ளவில்லை என்று எழுதினேன் இல்லையா, அது நிஜம். வேண்டிக்கினது நான். ஆயாவை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றின அன்றைக்கு நானே மஞ்சள் துணி கிழித்து, காசும் என் முடியில் ஒன்றும் வைத்து, ஆயா வூட்டுக்கு வரணும், வந்தா என் முடியக் குடுத்துடறேன் என்று ஏழுமலையானிடம் சொல்லி டப்பாவில் போட்டேன். பதினோராம் நாள் ஆயா வந்துடுச்சி. வந்ததும் என் ஜடையப் புடிச்சி, எவடி இப்டிக் கோணலாப் பின்னது என்று திட்டிவிட்டு, அவிழ்த்துப் பின்னிவிட்டது. அப்புறம் நாற்பத்து மூணு நாள்தான் இருந்தது. சாமி ஏமாத்திட்டாருன்னு நான் ஒரு வருஷமா அவரோட பேசறதில்ல. ஏரிக் கதைய உங்களுக்கு எழுதறப்போதான் தெரிஞ்சது. நானும் வரணும்னுதான் கேட்டேன். இருக்கணும்னு கேக்கல.

அதனால் கார்டு போட வேண்டாம். மூணாம் தேதி விடிகாலையில் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு நீங்க வந்துடுங்க அத்தை. நைனாவும் அம்மாவும் ரெண்டு பேர் சீட்ல குந்திப்பாங்க. என் பக்கத்துல யாரும் இல்ல.