மேசையில் யாரும் குடியில்லை

முப்பது வயதிலேயே என் தலை நரைத்ததற்கு மலை மழை காரணம் இல்லை, அட்டைக்கடி காரணம் இல்லை. காதுக்காரர் ஒருவர்தான் காரணம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோருக்கு நான் பொறுப்பு. அவர் அடுப்புக்காரர். ஒவ்வொரு விறகையும் தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பில் போடுவார். உளுத்த கட்டைக்குள் பளபளவென்று ஒரு கறுப்பு வண்டு குடியிருக்கும். அசைத்தால் ‘கிறீச்’ என்னும். தாய், தகப்பன், பிள்ளைகள் எல்லாம் ஒரே கட்டைக்குள் குடித்தனம். பெரியவை மரத்தை மென்று கூழாக்கிக் குஞ்சுகளுக்குக் கொடுக்குமாம். மூத்த பிள்ளைகளும் கூடமாட ஒத்தாசை செய்யுமாம். கிறீச் கேட்டால் அந்தக் கட்டையை ஒதுக்கிவிடுவார்.

ஒருநாள் ஸ்டோரில் இருந்தவர்கள்: நான், காதுக்காரர், ஒதுக்கிய ஏழு கட்டைகளுக்குள் ஏழு வண்டுக் குடும்பங்கள். மழையில் விறகு வண்டி பூப்பாறையில் மாட்டிக்கொண்டது. நல்ல விறகு தீர்ந்தது. பாதி உலர்ந்த காய்க்குச் சூடு குறைந்தால் வெளுத்துவிடும். மறுநாள் போடியிலிருந்து முதலாளி வருகிறார். வெளுத்த காயைப் பார்த்தால் என் வேலை போய்விடும். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

“அண்ணே, அந்தக் கட்டையத் தூக்கிப் போடுங்க.”

“உள்ள புள்ளகுட்டியோட இருக்குய்யா.”

“எனக்கும்தான் மூணு இருக்கு.”

“ஒங்க புள்ளைகள யாரு அடுப்புல வைக்கச் சொன்னா?”

வண்டி வருகிறதா என்று பார்க்க வாசலுக்குப் போனேன். உள்ளே கோடாலிச் சத்தம். ஓடி வந்தால், என் மேசை இரண்டு துண்டாகக் கிடக்கிறது.

“காது வச்சுப் பாத்துட்டேன்யா. மேசையில யாரும் குடியில்ல.”

பெஞ்சிலும் யாரும் இல்லையாம். அலமாரியிலும் இல்லையாம். எல்லாம் எரிந்து முடியும்போது வண்டி வந்து சேர்ந்தது. சூடு குறையவில்லை, காய் கிளிப்பச்சை.

மறுநாள் முதலாளி காயை மெச்சிவிட்டு, “மேசை எங்கப்பா?” என்றார்.

“வண்டு அரிச்சிருச்சு முதலாளி. எறிஞ்சுட்டோம்” என்றேன். நம்பிவிட்டார். வேலை தப்பியது.

அன்றோடு காதுக்காரர் என்னிடம் பேசுவதை நிறுத்தினார். மூன்று நாள். நாலாம் நாள்தான் வாயைத் திறந்தார்.

“உளுத்த கட்டையத் தவிர வேற எதையும் தொடாத ஜென்மம்யா அது. அது மேல போயிப் பழியப் போட்டீங்களே.”

மேசையை எரித்தவர் அவர். பயந்து செத்தவன் நான். குற்றவாளியும் நான்தானாம்.

வேறு யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு, அந்த ஏழு கட்டைகளுக்கு முன்னால் நின்று, “தப்புதான்” என்றேன். வண்டுகளுக்காக இல்லை. அவர் பேசாத அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.