குறைந்த இரண்டு மணி நேரம்

"இருபத்தெட்டுதான் சார் இருக்கு. முப்பது வேணும்," என்றார் மருத்துவக் கவுன்சில் கவுன்ட்டரில் இருந்த பெண்மணி.

கண் டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். அப்போதும் இருபத்தெட்டுதான்.

டாக்டராகவே நீடிக்க, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முப்பது மணி நேரமாவது வகுப்புகளில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருடைய பதிவு இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. நாளைக் காலை ஒன்பதுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. நோயாளி, அவருடைய மாமியார். மாப்பிள்ளை கையால்தான் செய்துகொள்வேன் என்று இரண்டு வருடமாகக் காத்திருப்பவர்.

கைப்பேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, புதுப்பிச்சாச்சா?"

"ஆன மாதிரிதான்."

"போன மாசமே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"நான் பாத்துக்கறேன்மா. அத்தைகிட்ட ஒண்ணும் சொல்லிடாதே."

"சொல்ற மாதிரி என்ன ஆச்சு?"

"அதான், ஒண்ணும் ஆகலையே," என்று வைத்துவிட்டார்.

கவுன்ட்டர் பெண்மணிக்கு இரக்கம் வந்துவிட்டது. "மாடியில ரெண்டு மணிக்கு ஒரு வகுப்பு சார். சரியா ரெண்டு மணி நேரம். சான்றிதழோட அஞ்சுக்குள்ள வந்துடுங்க."

டாக்டர் இரண்டிரண்டு படியாக ஏறினார்.

மாடி அரங்கில் நாற்பது டாக்டர்கள் இருந்தார்கள். 'சர்க்கரை நோயும் பாதப் புண்ணும்' என்று பலகை இருந்தது. பேசுகிறவர் மட்டும் இல்லை.

இரண்டு பத்துக்கு அமைப்பாளர் மைக்கைப் பிடித்தார். "நிபுணர் இன்னும் வரலை. போனும் எடுக்கல. நேர்ல பாத்தது கிடையாது, வெளியூர்க்காரங்க. அதனால வகுப்பை ரத்து..."

"வேண்டாம். நான் பேசறேன்," என்று எழுந்தார் கண் டாக்டர்.

"நீங்க பாத நிபுணரா?"

"டாக்டர்," என்றார் அவர். அதில் பொய் இல்லை, குறைந்தபட்சம் ஐந்து மணி வரை.

பாதத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோயிற்று. அவர் அசரவில்லை. பாதத்தின் ரத்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு முழங்கால், இடுப்பு, கழுத்து என்று ஏறிக் கண்ணுக்கு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு அவரை யாராலும் இறக்க முடியவில்லை. முன் வரிசையில் மூச்சிரைக்க வந்து அமர்ந்த அம்மாள் ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதித் தள்ளினார். முடித்தபோது கைதட்டினார்கள்.

டாக்டர் நேராக வருகைப் பதிவேட்டுக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார். அமைப்பாளர் பதிவேட்டின் மேல் கையை வைத்தார்.

"இது கேட்டவங்களுக்கு சார். நீங்க பேசினவரு."

"நான் பேசினதை நானும் கேட்டுக்கிட்டுதானே இருந்தேன்? இன்னிக்குக் கடைசி நாள் சார், ரெண்டு மணி நேரம் குறையுது."

"விதியில அப்படி இல்ல சார். பேசறவங்களுக்கு நன்றிக் கடிதம் மட்டும்தான்."

"சரி, அந்த நிபுணரை எப்படியாவது கூட்டிட்டு வாங்க. இப்பவே பேசட்டும். நான் உட்கார்ந்து கேக்கறேன்."

பக்கத்தில் முன் வரிசை அம்மாள் பதிவேட்டை இழுத்து, நிதானமாகக் கையெழுத்திட்டுப் பேனாவை மூடினார்.

"ரொம்ப நன்றி டாக்டர், எனக்கும் இன்னிக்குத்தான் கடைசி நாள், ரெண்டு மணி நேரம் குறைஞ்சுது. நான் வந்து சேர்றதுக்குள்ள நீங்க ஆரம்பிக்கலேன்னா, அந்தப் பாதப் புண்ணைப் பத்தி நான்தானே பேசியிருக்கணும்?"