நியூட் குஞ்சுகளும் திரேசா அக்காவின் தீர்த்தமும்

யாராவது "தெரியுமா?" என்று கேட்டால் "தெரியும்" என்று சொல்லிவிடுவது என் பிறவிக் குணம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், மொன்றியலில் நான் வேலைசெய்த தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் லூயி, மார்ச் மாதம் புளோரிடாவுக்குப் புறப்பட்டார். தன் நியூட் முட்டைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். (நியூட் என்பது பார்வைக்குப் பல்லி, உறவில் தவளையின் ஒன்றுவிட்ட தம்பி.) ஊரில் மீன் வளர்த்தவன் நான் என்று அளந்தேன். பொரித்துத் தின்றதோடு சரி. ஆனால் என் வேலை நிரந்தரமாவது அவர் கையில் இருந்தது.

இருபது முட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு நீர்ச்செடி இலைக்குள் மடிந்து கிடந்தன. இரண்டு வாரத்தில் பொரித்தன. நூல்துண்டு போன்ற குஞ்சுகள், கழுத்தோரம் இறகு மாதிரிச் செவுள். அசைகிற தீனி மட்டும்தான் தின்னும். கிடைக்காவிட்டால் பக்கத்தில் நிற்பவனின் காலைக் கடிக்கும். அதற்காக லூயி மண்தூள் போன்ற இறால் முட்டைகள் தந்திருந்தார். உப்புத் தண்ணீரில் போட்டு, வெளிச்சமும் சூடும் படுகிற இடத்தில் ஒரு நாள் வைத்தால் பொரிக்குமாம். ஒரு சிட்டிகை போதும் என்றிருந்தார். நான் பொட்டலம் முழுவதையும் ஒரே போத்திலில் கொட்டினேன்.

மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் இருந்த எங்கள் வாடகை வீட்டில் சூடான இடம் ஒன்றுதான் இருந்தது. வீடு வீடாகப் போய்வரும் மாதா சொரூபம் அந்த வாரம் எங்களிடம் வந்திருந்தது. அதன் முன்னால் எந்நேரமும் ஒரு விளக்கு எரிந்தது. போத்திலை அங்கே வைத்துவிட்டு என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் செபமாலைக்குச் சுவாமியார் வந்தார். சனம் மாதா முன்னால் கொண்டுவந்து வைத்த தண்ணீரையெல்லாம் மந்திரித்தார். வடையும் தேத்தண்ணியும் முடிந்து எல்லோரும் போனபின் பார்த்தால் என் போத்திலைக் காணவில்லை. தொட்டியில் ஒரு குஞ்சுக்கு ஏற்கெனவே முன்கால் இல்லை.

"திரேசா அக்கா ஒண்டு கொண்டு போனவ," என்றாள் மனைவி. செபமாலைக் குழுவில் மூத்தவர், இரண்டு தெரு தள்ளி இருப்பவர். போன் எடுத்தேன்.

"ஓம் தம்பி, நான்தான் கொண்டுவந்தனான். சுவாமி பழைய முறையில உப்புப் போட்டு மந்திரிச்சிருக்கிறார். ஒரு மிடறு குடிச்சும் போட்டன்."

"மிச்சம் இருக்கோ அக்கா?"

"வருசத்தில ஒருக்கா நத்தாருக்கு மட்டும் கோயிலுக்கு வாற நீ தீர்த்தம் கேக்கிறியோ! வா தம்பி, வா."

பனிக்குள் ஓடினேன். என்னை முழந்தாளில் இருத்தி, செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிக்கும் செபம் சொல்லவைத்த பிறகுதான் பாதிப் போத்திலைத் தந்தார். குஞ்சுகள் அங்கே பட்டினி, நான் இங்கே பக்தன். உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பதினாறு குஞ்சுகள் பிழைத்தன. வேலை நிரந்தரமானது. அக்கா என் பக்தியை ஊரெல்லாம் பரப்பியதில் செபமாலைக் குழுவுக்குச் செயலாளரும் ஆனேன். இரண்டு வருடம் தாக்குப்பிடித்தேன். பிறகு ஒருநாள் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அது தவக்காலமல்லோ! மகன்ர விசாவுக்காக நாப்பது நாளும் மீன் இறைச்சி தொடமாட்டனெண்டு நேர்த்தி வைச்சிருந்தனான். எனக்கு இறால் பருக்கிப் போட்டியே, பாவி!"

"விசா கிடைச்சதுதானே அக்கா?"

"கிடைச்சது. அதாலதான் உன்னைச் சும்மா விடுறன்."

சும்மா விடவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் தண்ணீர் கொடுத்தால், கிளாசை யன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். உள்ளே ஒன்றும் நீந்தவில்லை என்று என் பிள்ளைகள் சத்தியம் செய்த பிறகுதான் குடிப்பார்.